டீ ஆறுவதற்குள் ஒரு படம்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு திருநகரில். காலையில் எட்டே காலுக்கு பஸ், கடை திறக்குமுன் சந்து முனையில் ஒரு டீ, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்த பிறகு 20 நிமிடம், சாயங்காலம் பெரியார் பஸ் நிலையத்தில் நிற்பது. இந்த இண்டு இடுக்குகளில்தான் 6 வருடமாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். ஓவியம் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்து ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயத்தை வரைந்து 'வெரிகுட்' வாங்கியதோடு என் கலைப்படிப்பு முடிந்தது. இப்போது 23-வது நோட்டு ஓடுகிறது.

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா நேரம் கிடைக்குது?" என்று கடைப் பையன்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, இடம் பிடிப்பது. நோட்டு, பேனா எல்லாம் அப்புறம். நீங்கள் ஏற்கெனவே தினமும் போய்க்கொண்டிருக்கிற, சும்மா நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்கிற இடமாக அது இருக்க வேண்டும். வரைவதற்கென்று தனியாகப் போகிற இடம் நிலைக்காது. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போவதென்று முடிவு பண்ணி, பெரிய டிராயிங் புத்தகமும் வாட்டர் கலரும் வாங்கினேன். இரண்டு ஞாயிறு போனேன். ஆளை விழுங்குகிற அந்தத் தூண்களில் ஒன்றுகூடத் தாளுக்குள் அடங்கவில்லை. மூன்றாவது ஞாயிறு ஒரு கல்யாணம், நான்காவது ஞாயிறு ஒரு வளைகாப்பு. டிராயிங் புத்தகம் பீரோ மேலே ஏறிவிட்டது. மாவு டப்பாக்களுக்கு அடியில் விரிக்க அதன் அட்டை இன்னும் உதவுகிறது.

அடுத்து, எதை வரைவது. மதுரைக்காரர்கள் பேனாவை எடுத்தவுடன் கோபுரத்துக்குப் போவார்கள். போகாதீர்கள். ஒன்பது நிலை, ஒவ்வொரு நிலையிலும் நெரிசலாகச் சிலைகள். முதல் நிலை முடிவதற்குள் மனசு விட்டுப்போகும். கூடவே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: ஒப்பிட்டுப் பார்ப்பது. மனோகர் தேவதாஸ் என்று நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். 2020-ல் பத்மஸ்ரீ வாங்கினார், 2022-ல் காலமானார். விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த காலத்திலும், கறுப்பு மையில் மயிரிழைக் கோடுகளால் மதுரையை வரைந்தவர். அவர் வரைந்த கோபுரத்தைப் பார்த்த மறுநாள் என் கோபுரத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஆறு மாதம் நான் பேனாவையே தொடவில்லை. பெரியவர்கள் வரைந்ததைப் பாருங்கள், நிறையப் பாருங்கள். ஆனால் நீங்கள் வரைகிற அதே வாரத்தில் வேண்டாம்.

நோட்டு சின்னதாக இருக்கட்டும். நானே தைத்துக்கொள்கிறேன். ஏ4 பாண்டு பேப்பர் 8 தாள், கொஞ்சம் கனமான 100 ஜிஎஸ்எம். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து வெட்டி, மறுபடி பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நடுவில் மூன்று ஓட்டை போட்டு, சாக்குத் தைக்கிற சணல் நூலை மெழுகில் இழுத்துத் தைத்தால் 64 பக்கம். மேலட்டைக்குப் பழைய தினசரி காலண்டர் அட்டை. உள்ளங்கை அளவு நோட்டில் ஒரு நன்மை: பக்கம் சீக்கிரம் நிறைந்துவிடும். பெரிய வெள்ளைத் தாள் பயமுறுத்துகிற மாதிரி இது பயமுறுத்தாது. கெட்டுப்போனாலும் உள்ளங்கை அளவுதானே கெட்டது.

பேனா, ரெனால்ட்ஸ் 045 போதும். பென்சில் கூடாது என்பது என் கட்சி. பென்சில் இருந்தால் ரப்பர் இருக்கும், ரப்பர் இருந்தால் பஸ் வரும்வரை ஒரே மூக்கை அழித்து அழித்து வரைந்துகொண்டிருப்போம். பால்பாயின்ட் மையில் எண்ணெய் இருப்பதால் மேலே ஈரம் பட்டாலும் கரையாது. ஜெல் பேனா பெரும்பாலும் கரைந்து ஓடிவிடும். இது எதற்கு முக்கியம் என்றால், எனக்கு வாட்டர் கலர் என்பது டீதான். விரலை டீயில் தொட்டு நிழல் இருக்கிற பக்கம் தடவினால் நல்ல பழுப்பு நிறம் வரும். காய்ந்த பிறகு இன்னொரு தடவை தடவினால் இன்னும் ஆழமாகும். ஒன்று மட்டும் கவனம்: சர்க்கரை போட்ட டீயைத் தடவினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், எறும்பும் வரும். நான்காவது நோட்டில் வந்தது. அதிலிருந்து "அண்ணே, சர்க்கரை போடாம டிகாக்‌ஷன் மட்டும் ஒரு ஸ்பூன்" என்று மாஸ்டரிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அவர் முதலில் எனக்குச் சுகர் என்று நினைத்துக்கொண்டு வெந்தயம் சாப்பிடச் சொன்னார்.

முதல் மாதம் முழுக்க டீ கிளாஸை மட்டும் வரையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெஞ்சில் உங்கள் பக்கத்தில் வைத்த கிளாஸை மேலேயிருந்து பார்த்தால் அதன் வாய் ஒரு சப்பை வட்டமாகத் தெரியும். அடிப்பாகமும் அப்படித்தான், ஆனால் அவ்வளவு சப்பையாக இருக்காது, கொஞ்சம் உருண்டு தெரியும். கண் மட்டத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு சப்பை, எவ்வளவு கீழேயோ அவ்வளவு உருண்டை. சந்தேகமாக இருந்தால் கிளாஸை மெதுவாகக் கண்ணுக்கு நேராகத் தூக்குங்கள். வாய் ஒரே கோடாகிவிடும். நாம் எல்லோரும் பழக்கத்தில் வாயை வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போடுகிறோம், அதனால்தான் நம் கிளாஸ்கள் பெஞ்சில் உட்காராமல் அந்தரத்தில் தொங்குகின்றன. இன்னொரு தப்பு, சப்பை வட்டத்தின் இரண்டு ஓரத்தையும் மீன் மாதிரிக் கூராக்குவது. எந்த வட்டத்துக்கும் மூலை கிடையாது, எவ்வளவு சப்பையானாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். கிளாஸில் இருக்கிற வரிகளை எல்லாம் போட வேண்டாம். நடுவில் வரிகள் அகலமாகத் தெரியும், ஓரத்துக்குப் போகப்போக நெருங்கும். இருட்டுப் பக்க ஓரத்தில் நெருக்கமாக மூன்று வரி போட்டால் மிச்சத்தைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். கிளாஸ் வந்துவிட்டால் பாய்லர் வந்துவிடும், எவர்சில்வர் தூக்கு, தண்ணீர்க் குடம், பன் வைக்கிற பாட்டில் எல்லாம் வந்துவிடும். எல்லாம் அதே சப்பை வட்டங்கள்தான்.

நேரக் கணக்கு: டீ ஆறுவதற்குள். ஏழெட்டு நிமிடம். ஆறிப்போன டீயைக் குடிக்க எனக்குப் பிடிக்காது என்பதால் இந்த விதி தானாகவே அமலாகிறது. முடியாத படத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீழே தேதி, மணி, இடம், காதில் விழுந்த ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிடுவேன். இந்த வாக்கியம்தான் பின்னால் படத்தைவிட நன்றாக இருக்கிறது. 'மாஸ்டர், நேத்து டீ குடுத்தீங்க, இன்னிக்கு வெந்நி குடுக்குறீங்க' என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அந்த நாள் படம் சுமார்தான். ஆனால் மாஸ்டர் முகம் போன போக்கு இப்போதும் ஞாபகம் வருகிறது.

ஆட்களை வரைவதுதான் எல்லாருக்கும் பயம். ஆள் அசைகிறான், நான் என்ன பண்ணட்டும் என்பார்கள். அசைகிறவன் திரும்ப அதே இடத்துக்கு வருகிறானா என்று முதலில் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். டீ மாஸ்டர் ஒவ்வொரு டீக்கும் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றுகிறார். 20 விநாடிக்கு ஒரு தடவை அதே கோணம் கிடைக்கும். ஒரு சுற்றில் தோளிலிருந்து முழங்கை, அடுத்த சுற்றில் முழங்கையிலிருந்து கிளாஸ். பூக்கட்டுகிறவர், இஸ்திரி போடுகிறவர், புரோட்டாவுக்கு வீசுகிறவர் எல்லோரும் நமக்காகவே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள்.

எங்கள் வீதியில் லோடுமேன்கள்தான் எனக்கு வாத்தியார். லாரியிலிருந்து கடைக்கு நாள் முழுக்க மூட்டை இறங்கும். ஒருநாள் ஒருவர் வத்தல் மூட்டை தூக்குவதை வரைந்தேன். ஆளைவிடப் பெரிய மூட்டை. அடுத்த பக்கத்தில் அதே ஆள் சர்க்கரை மூட்டை தூக்குவதை வரைந்தேன். அது பார்வைக்குச் சின்னது. இரண்டு படத்தையும் பார்த்த பையன், "வத்தல் மூட்டைதான்க்கா கனமா இருக்கு" என்றான். தப்பு என் மேல். மூட்டையை வரைந்தேனே தவிர ஆளை வரையவில்லை. மறுநாள் மூட்டையை விட்டுவிட்டு ஆளை மட்டும் பார்த்தேன். வத்தலுக்கு அவர் தலை நிமிர்ந்தே இருக்கிறது, நடையில் வீச்சு இருக்கிறது, யாரோடாவது பேசிக்கொண்டே போகிறார். சர்க்கரை 50 கிலோ. அதற்குக் கழுத்து தோளுக்குள் போய்விடுகிறது, முட்டி மடங்குகிறது, அடி சின்னச் சின்னதாக விழுகிறது, பேச்சு நின்றுவிடுகிறது. முதுகில் கனம் ஏறினால் உடம்பு முன்னால் சாய்ந்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் பின்பக்கமாக மல்லாந்துவிடுவான். எவ்வளவு சாய்கிறாரோ அவ்வளவு கனம்.

அதிலிருந்து யாரை வரைந்தாலும் முதல் கோடு உச்சந்தலையிலிருந்து குதிகாலுக்கு. ஒரே இழுப்பு. சும்மா நிற்கிற ஆளாக இருந்தால் எந்தக் காலில் எடை இருக்கிறதோ அந்தப் பாதத்துக்கு நேர் மேலேதான் பெரும்பாலும் கழுத்துக் குழி இருக்கும். பஸ் நிலையத்தில் நிற்கிற யாரிடமும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இந்த ஒரு கோடு சரியாக விழுந்தால் முகமே இல்லாமல் ஆள் தெரிவார். பஸ் நிலையத்தில் இன்னொரு வழியும் உண்டு: ஒரே பக்கத்தில் மூன்று பேரை ஆரம்பித்து வையுங்கள். ஒருவர் பஸ் ஏறிவிட்டால் அடுத்தவர், அவர் திரும்பி நின்றால் மூன்றாமவர். ஏறிப் போனவருடைய கால்களை, பிறகு வந்து அதே மாதிரி நிற்கிற வேறொருவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். என் நோட்டில் பாதிப் பேர் அடுத்தவர் காலில்தான் நிற்கிறார்கள்.

கேமராவை நீட்டினால் நம் ஊரில் முறைப்பார்கள், நோட்டை எடுத்தால் கூடுவார்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்க இடமில்லாதபடி சுவரோரமாக உட்காருங்கள். காய்க்காரம்மா, பூக்காரம்மா பக்கத்தில் இடம் பிடித்தால் யாராவது வம்புக்கு வந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒருவரையே குறிவைத்து வரைவதாக இருந்தால் கேட்டுவிடுவது நல்லது. கேட்பது எப்படி என்றால், வரைந்த பழைய பக்கம் ஒன்றைத் திறந்து காட்டுவதுதான். வாயால் விளக்கினால் 'எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க, கணக்கெடுக்குறீங்களா' என்பார்கள்.

சந்து முனையில் மல்லிகைப் பூ கட்டுகிற அக்காவிடம் நான் கேட்காமல்தான் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். "இங்க கொண்டா பாப்போம்" என்று ஈரக் கையோடு நோட்டை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன்.

"ஏம்மா, என் மூக்குத்தி எங்க?"

நான் வரையவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அது எனக்குத் தெரியவே இல்லை. அங்கேயே பேனாவை எடுத்து ஒரு புள்ளி வைத்தேன். "ரெண்டு மூக்குலயும்" என்றார். இன்னொரு புள்ளி. அதற்கப்புறம்தான் நோட்டு திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ஈரத்தடம் இன்னும் மேடாக இருக்கிறது.

எல்லா இடமும் இப்படி இல்லை. ஒரு வங்கி வாசல் மரத்தடியில் உட்கார்ந்து எதிர்த்த ஜூஸ் கடையை வரைந்துகொண்டிருந்தபோது, காவலாளி வந்து பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். நான் வங்கியை வரையவே இல்லை என்று காட்டினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, மேல இருந்து கேப்பாங்க" என்றார். கிழித்தேன். அவரும் பாவம். வங்கி, காவல் நிலையம், ரயில்வே வளாகம் இவற்றின் பக்கம் நோட்டை எடுப்பதானால் கேட்டுக்கொண்டு எடுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள். அந்த ஜூஸ் கடையைப் பிறகு கடைக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்தேன், சாத்துக்குடி ஜூஸ் செலவு தனி.

வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், மதுரை இது. மார்ச்சிலிருந்து உள்ளங்கை வேர்த்துத் தாள் நெளியும். கைக்கு அடியில் மடித்த கைக்குட்டை ஒன்று வையுங்கள். வெயில் முகத்தில் அடிக்கிற வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும், கோடு எங்கே விழுகிறது என்றே தெரியாது, அதனால் நோட்டு எப்போதும் நிழலில் இருக்கட்டும். நிழலை வரைவதாக இருந்தால் உட்கார்ந்தவுடன் அதன் ஓரத்தை முதலில் கோடு போட்டுவிடுங்கள். கட்டடம் எங்கும் போகாது, நிழல் நகர்ந்துவிடும். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டு, ஒரே படத்தில் இரண்டு சூரியன் இருக்கிற மாதிரி நான் நிறைய வரைந்திருக்கிறேன்.

சனிக்கிழமை எனக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை 1999-ல் எங்கள் மதுரை அண்ணாநகரில்தான் திறந்தார்கள். நான் போவது வேறொன்று. குவியலை வரைய ஒரு சுருக்கு: முன்னால் இருக்கிற மூன்று கத்தரிக்காயைக் காம்போடு ஒழுங்காக வரையுங்கள், மிச்சத்துக்கு வளைவுகள் போதும்.

நாள் விட்டுப்போகும். போகட்டும். சிக்குன்குனியா வந்து எனக்கு விரல் மடங்காமல் ஐந்து வாரம் போனது. திரும்ப வந்தபோது விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து வரைந்து தீர்க்கலாம் என்று உட்கார்ந்தேன், வட்டி கட்டுகிற மாதிரி ஆகிவிட்டது, மறுபடி நின்றது. இப்போது என் வழக்கம்: எத்தனை நாள் விட்டுப்போனாலும் திரும்ப ஆரம்பிக்கிற முதல் படம் என் செருப்பு. எங்கும் போக வேண்டாம், காலடியில் இருக்கிறது, அசையாது, மூக்குத்தி எங்கே என்று கேட்காது. 23 நோட்டில் 14 ஜோடிச் செருப்பு இருக்கிறது. என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, நீ செருப்புக்கடைதான் வைத்திருக்கணும் என்றார்.

ஒரு வருத்தம் உண்டு. சின்ன வயதில் தீபாவளிப் பாவாடை தைக்க அம்மா என்னைப் புதுமண்டபத்துக்குக் கூட்டிப்போவார். நாயக்கர் காலத்துக் கல்தூண்கள், ஒவ்வொரு தூணிலும் சிலை, அந்தச் சிலைக் காலடியில் தையல் மிஷின். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தையல்காரர் ஒருவர் என்னைத் திருப்பித் திருப்பி நிறுத்துவார், பின்னால் கல்யாளி முறைத்துக்கொண்டு நிற்கும். நான் வரைய ஆரம்பித்த பிறகும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கை இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது, கல் தெரிகிறது. ஆனால் யாளிக்குக் கீழே மிஷின் ஓடியது என் நோட்டில் இல்லை. அதனால் உங்கள் தெருவில் ஷட்டரில் 'கடை மாற்றம்' என்று தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தால், கை தேறாவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்கே போய் நில்லுங்கள்.

கோபுரத்தை நான் மூன்றாவது வருடத்தில்தான் வரைந்தேன், தெற்குக் கோபுரம். சித்திரை வீதிகளில் வண்டிகள் கிடையாது என்பதால் நடைபாதை ஓரம் உட்காரத் தொந்தரவில்லை. கையை முழுக்க நீட்டி, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேனா முனையைக் கலசத்தில் வைத்துக் கட்டைவிரலை அடித்தளத்தில் நிறுத்தி உயரத்தை எடுத்தேன். பேனாவை அப்படியே படுக்கவைத்து, அகலம் அதில் எவ்வளவு என்று பார்த்தேன். இரண்டு ஓரத்தையும் நேர்க்கோடாக இழுக்கக் கூடாது. அந்தக் கோபுரத்துக்கு இடுப்பு உண்டு, மேலே போகப்போக உள்வாங்கி வளையும். நிலைகள் ஒன்றைவிட ஒன்று உயரம் குறையும். சிலை ஒன்றுகூட வரையவில்லை, நிலைக்கு நிலை நிழல் விழுகிற பட்டையை மட்டும் டிகாக்‌ஷன் தொட்டு இழுத்தேன். பக்கத்தில் பொரி விற்றுக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து "சாமியெல்லாம் எங்கம்மா?" என்றார். "உள்ள இருக்காங்கய்யா" என்றேன். ஒத்துக்கொண்டார்.

நிறைந்த நோட்டைச் சுவரிலோ வெளிச்சத்திலோ வைக்காதீர்கள், பால்பாயின்ட் மை வெயிலில் வெளுத்துப்போகும். நான் பழைய பட்டுப்புடவைப் பெட்டி ஒன்றில் அடுக்கி, ஏடுகளுக்கு வைக்கிற மாதிரி ஒரு வசம்புத் துண்டு போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். எறும்பு வந்த நான்காவது நோட்டு மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது.